கோடை மடுவில் நீர்நாய் படம் வேண்டாம்

சித்திரை பிறந்தால் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். “அண்ணே, கொள்ளிடத்துல நீர்நாய் சுலபமா கிடைக்குதாமே, கூட்டிட்டுப் போறீங்களா?” கானுயிர்ப் படம் எடுப்பதும், எடுக்க வருபவர்களை அழைத்துப் போவதும்தான் என் பிழைப்பு. ஆனாலும் சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் யாரையும் ஆற்றுக்குள் இறக்குவதில்லை.

சுலபம் என்பது உண்மைதான். மேட்டூர் அணையை ஜனவரி 28-இல் மூடி ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். அணை மூடிய பிறகு தண்ணீர் மெல்ல வடிந்து, கோடையில் கொள்ளிடம் மணல்வெளி ஆகிவிடும். அங்கங்கே தண்ணீர் தேங்கிய பள்ளங்களாக மடுக்கள் மட்டும் மிஞ்சும். கெண்டையும் கெளுத்தியும் அதற்குள் ஒடுங்கும், அவற்றின் பின்னாலேயே நீர்நாய்க் குடும்பமும் வந்து சேரும்.

சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு மடுவில் ஐந்து நீர்நாய்களைப் பார்த்தேன். இன்னும் பத்தடி, இன்னும் பத்தடி என்று மணலில் ஊர்ந்து போனேன். பெரியது கழுத்தை நீட்டி எழுந்து நின்று ‘புஸ்’ என்று சீறியது. அதையும் படம் எடுத்தேன். அடுத்த நொடி ஐந்தும் கரையேறி வெட்டவெளி மணலில் ஓடின. ஊர் நாய்கள் துரத்தின. வலையை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “மேக்கால மடு வத்திப்போச்சு தம்பி. இதை வுட்டா அதுவளுக்கு ஏது எடம்?” என்றார். ஓடும் அந்தப் படத்துக்கு ஏகப்பட்ட பாராட்டு. இப்போது அதை யாருக்கும் காட்டுவதில்லை.

தை, மாசியில் வாருங்கள். ஆற்றில் தண்ணீரும் இருக்கும், மணல்திட்டும் தலைகாட்டியிருக்கும். நம்மைப் பிடிக்காவிட்டால் நீர்நாய் வேறு பக்கம் போய்க்கொள்ளலாம். முதல் நாள் கேமராவை எடுக்காமல் கரையை மட்டும் பாருங்கள். ஐந்து விரல் பதிந்த தடம், மீன் செதிலும் முள்ளுமாக மீன்வாடை அடிக்கும் எச்சம், ஈர உடம்பைப் புரட்டித் துவட்டிய மணல். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எச்சம் இடும் பழக்கம் அதற்கு உண்டு. அந்த இடத்துக்கு எதிர்க்கரையில், காற்று அதன் பக்கமிருந்து நம் பக்கம் வீசும்படி, விடிவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிட வேண்டும். மோப்பம் அவ்வளவு கூர்மை. கரையில் வளையோ குட்டியோ தெரிந்தால் அன்றைக்கு அத்தோடு கிளம்பிவிடுங்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

படத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. வெளுத்த மணலைப் பார்த்து கேமரா ஏமாந்துபோகும், ஈர ரோமம் கரிக்கட்டையாக விழும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவைக் கொஞ்சம் ஏற்றி, ஷட்டர் வேகத்தை 1/1000 நொடிக்குக் குறையாமல் வையுங்கள். சட்டகம் நிறைய முகம் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். ஆறும் நாணலும் சேர்ந்து விழுந்த படத்தில்தான் அது வாழும் இடம் தெரிகிறது என்பது என் கட்சி.

மீனைத் தூக்கிப் போட்டு வரவழைக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இரை வைத்து ஈர்ப்பதையும் வேட்டை என்ற சொல்லுக்குள்தான் சேர்த்திருக்கிறது. தவிர, மனிதனிடம் மீன் கிடைக்கும் என்று பழகிய நீர்நாய் நேரே வலைக்குத்தான் போகும். வலை கிழிந்தால் மீனவருக்கு அன்றைய வரும்படி போச்சு. அந்தக் கோபம் யார் மேல் திரும்பும்?

அப்புறம், போனில் லொகேஷனை அணைத்துவிட்டுப் படம் எடுங்கள். நீர்நாய்த் தோலுக்குக் கள்ளச் சந்தை இருக்கிறது. 2019-இல் நம் ஆற்று நீர்நாய் இனத்தின் பன்னாட்டு வணிகத்துக்கே தடை வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பதிவில் ‘காவிரிப் படுகை’ என்று போட்டால் போதும். மதகின் பெயர், படித்துறையின் பெயர் எதுவும் வேண்டாம். எந்த மடு என்று என்னிடம் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.