ஒரு மீட்டர் ஒயரும் 86 மில்லிவோல்ட்டும்

பழைய அம்பாசிடரை ஆசையாக வாங்கி எஞ்சின், பெயின்ட், சீட் என்று பார்த்துப் பார்த்துச் செலவு செய்கிறவர்கள்கூட, ஒயர் வாங்கும்போது கையைச் சுருக்கிக்கொள்கிறார்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் கிடக்கப் போவதுதானே என்ற நினைப்பு. எனக்கு இதில் வருத்தம் உண்டு. காரில் ஒயர் செய்யும் வேலை, வீட்டில் செய்வதைவிடக் கடினமானது.

கணக்கைப் பாருங்கள். 60 வாட் ஹெட்லைட் பல்பு இரண்டு, 12 வோல்ட்டில் எரிய 10 ஆம்பியர் வேண்டும். அதே 120 வாட்டுக்கு வீட்டின் 230 வோல்ட்டில் அரை ஆம்பியர் போதும். கடையில் ‘1 ஸ்கொயர்’ என்று கேட்டு வாங்குவது 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள ஒயர். அது நல்ல செம்பாக இருந்தால் மீட்டருக்கு 0.0172 ஓம் தடை. பேட்டரியிலிருந்து ஸ்விட்சுக்குப் போய், மறுபடி முகப்பு விளக்குக்கு வர 5 மீட்டர் என்று வையுங்கள். தடை 0.086 ஓம். அதில் 10 ஆம்பியர் ஓடினால் 0.86 வோல்ட் ஒயரிலேயே தீர்ந்துவிடும்.

ஒரு வோல்ட்கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜின் ஏறக்குறைய 3.4-ஆம் அடுக்கைப் பொறுத்தது. 12 வோல்ட்டில் 0.86 என்பது 7 சதவீதம். வோல்ட்டேஜ் அவ்வளவு குறைந்தால் வெளிச்சம் 20 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். 2.5 ஸ்கொயர் ஒயர் போட்டால் அதே தூரத்தில் இழப்பு 0.34 வோல்ட்தான். பேட்டரிக்குப் பக்கத்தில் ரிலே (சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் ஸ்விட்ச்) வைத்துத் தூரத்தையே குறைத்தால் இன்னும் நல்லது.

இது நிஜச் செம்புக்கான கணக்கு. சந்தையில் அலுமினியத்தின் மேல் மெல்லியதாகச் செம்பு பூசிய ஒயரும் கிடைக்கிறது. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. அது செம்பின் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் மின்சாரத்தைக் கடத்தும். மேலே போட்ட கணக்கில் 1 ஸ்கொயருக்கு அதைப் பயன்படுத்தினால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கையில் எடுத்தால் எடை குறைவாக இருக்கும். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். வெள்ளீயம் பூசிய நல்ல செம்பில் இது நேர்மாறு: வெளியே வெள்ளி நிறம், உள்ளே செம்பு நிறம்.

சுரண்டிப் பார்ப்பதைவிட நம்பகமான வழி ஒன்று இருக்கிறது. வாங்கிய ஒயரில் சரியாக 1 மீட்டரை அளந்து இரு முனைகளிலும் குறியிடுங்கள். பேட்டரி, ஃபியூஸ், அந்த ஒயர், ஒரு 60 வாட் ஹெட்லைட் பல்பு ஆகியவற்றை வரிசையாக இணைத்து எரியவிடுங்கள். மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட்டில் வைத்து, இரண்டு குறிகளிலும் ஊசியால் குத்திப் பாருங்கள். பல்பு 5 ஆம்பியர் இழுத்தால், 1 ஸ்கொயர் செம்பில் 86 மில்லிவோல்ட் காட்ட வேண்டும். நம் ஊர் வெயிலில் 90 காட்டினாலும் சரிதான், சூட்டில் செம்பின் தடை கொஞ்சம் ஏறும். 135 காட்டினால் பூசிய ஒயராக இருக்கலாம், அல்லது இழைகளைக் குறைத்து ஏமாற்றியிருக்கலாம். எதுவானாலும் காருக்கு வேண்டாம்.

இழைகளை எண்ணியும் பாருங்கள். 14/0.30 என்றால் 0.30 மில்லிமீட்டர் விட்டமுள்ள 14 இழைகள். அதுதான் ஏறக்குறைய 1 ஸ்கொயர். தடித்த ஒற்றைக் கம்பியைக் காரில் போட்டால் அதிர்விலேயே முறிந்துவிடும். மெல்லிய இழைகள் வளைந்து கொடுக்கும். ஈயம் வைத்துப் பற்றவைத்தாலும் இந்தச் சிக்கல் வரும். ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒயரை விறைப்பாக்குகிறது, விறைப்பு முடியும் இடத்தில் அது ஒடிகிறது. அதனால்தான் கார்களில் ஒயர் முனையில் மாட்டும் லக் என்ற உலோகத் துண்டை அழுத்திப் பொருத்துகிறார்கள்.

அப்புறம் மேலுறை. வீட்டு ஒயரின் பிவிசி பொதுவாக 70 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். எஞ்சின் பக்கத்தில் அது போதாது. காருக்கென்று 105 டிகிரி தாங்கும் பிவிசி ஒயர் இருக்கிறது. குறுக்குப் பிணைப்புள்ள பாலிஎத்திலீன் உறையோ 125 டிகிரி வரை தாங்கும். வாங்கும்போது உறையின் மேல் வெப்ப அளவும் கார் ஒயர்களுக்கான ஐஎஸ்ஓ 6722 என்ற தரநிலையும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தரநிலைப்படி 20 டிகிரியில் 1 ஸ்கொயர் ஒயரின் தடை மீட்டருக்கு 18.5 மில்லிஓமை, அதாவது 0.0185 ஓமைத் தாண்டக் கூடாது.

விளக்குக்குப் போகும் ஒயரை மாற்றிவிட்டு எர்த் ஒயரைப் பழையபடியே விட்டுவிடாதீர்கள். அதே 10 ஆம்பியர் அந்த வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது. பாடியில் பெயின்ட்டைச் சுரண்டி, துருவை நீக்கி, பளபளக்கும் இரும்பில் இறுக்குங்கள்.