குளிர்காலப் படகில் எந்த ஓட்டையை அடைப்பது?

இங்கிலாந்தின் கால்வாய்களில் நாரோபோட் எனப்படும் ஒடுக்கமான இரும்புப் படகுகளையே வீடாக்கிக்கொண்டு ஆண்டு முழுக்க வாழ்பவர்கள் உண்டு. படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் கதவடைப்புகளான கால்வாய் லாக்குகள் பலவும் ஏறத்தாழ 7 அடி அகலம்தான் என்பதால் படகும் அதற்குள் அடங்கியாக வேண்டும். ஜனவரியில் உள்ளே விறகடுப்பு எரிந்துகொண்டிருக்கும். ஆனாலும் எங்கிருந்தோ சில்லென்று காற்று காலில் படும். எங்கிருந்து?

சூடான காற்று மேலேறி வெளியேற, கீழே குளிர்ந்த காற்று நுழைகிறது என்பதுதான் வழக்கமான விளக்கம். மாடி வீட்டுக்கு அது பொருந்தும். படகுக்குக் கணக்குப் போட்டால் வேறு விடை வருகிறது. உள்ளே 20 டிகிரி, வெளியே 0 டிகிரி, கேபின் உயரம் 2 மீட்டர் என்றால், இதனால் வரும் அழுத்த வேறுபாடு 2 பாஸ்கல்கூட இல்லை. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசும் சாதாரணக் காற்று, மோதும் பக்கத்தில் 15 பாஸ்கலுக்கு மேல் தள்ளுகிறது. வேகம் இரட்டித்தால் தள்ளல் நான்கு மடங்காகி 60-ஐத் தாண்டும். ஆக, படகில் வெளிக்காற்றின் ஆட்சிதான். நேற்று இறுக்கமாகத் தெரிந்த அதே கதவு, படகைத் திருப்பிக் கட்டியதும் இன்று ஒழுகும்.

அதனால் காற்றில்லாத நாளில் ஊதுபத்தியைக் கொளுத்தித் தேடினால் ஒன்றும் அகப்படாது. காற்றடிக்கும் நாளில் தேடுங்கள். குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டும் தேடலாம், ஆனால் அடுப்பு முழுதாக அணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபேன் புகைபோக்கி வழியாகவே நச்சுப்புகையை உள்ளே இழுத்துவிடும்.

இழப்பு எவ்வளவு? 50 கன மீட்டர் கேபினின் காற்று மணிக்கு ஒருமுறை முழுதாக மாறினால், மேலே சொன்ன வெப்பநிலைகளில் சுமார் 330 வாட் வெப்பம் போகிறது. மூன்று முறை மாறினால் ஒரு கிலோவாட். ஒரு சின்ன ஹீட்டரை வெளியே வைத்து எரிப்பதற்குச் சமம்.

கூரையில் நகரும் மூடியின் தண்டவாளம், முன்பின் மரக்கதவுகள், ஜன்னல் சட்டம், குழாயும் வயரும் நுழையும் துளைகள், எஞ்சின் அறைக்குப் போகும் பலகை: சந்தேகத்துக்குரிய இடங்கள் இவையே. மரம் ஈரத்தில் ஊதும், அடுப்புச் சூட்டில் சுருங்கும். கதவிடுக்கில் இறுகிப்போகும் பூச்சு நிற்காது; அமுங்கி மீளும் ரப்பர் பட்டைதான் சரி. இரும்பும் சும்மா இருப்பதில்லை. 15 மீட்டர் நீளப் படகின் உடல், வெப்பநிலை 30 டிகிரி ஏறினால் 5 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். ஜன்னல் சட்டத்துக்கு அடியில் ஒருபோதும் இறுகாத பியூட்டைல் டேப் என்ற ஒட்டும் ரப்பர் பட்டையை வைப்பது இதற்காகத்தான்.

என்னைக் கேட்டால், அதிகக் கெடுதல் செய்வது வெளியே போகாத கசிவுதான். உட்சுவர்ப் பலகையின் மூட்டுகள் வழியாகக் கேபின் காற்று பின்னால் நழுவி, இன்சுலேஷன் (குளிர்தடுப்புப் படலம்) விட்டுப்போன இடத்தில் சில்லிட்ட இரும்பைத் தொடுகிறது. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 17 கிராம் நீராவியைத் தாங்கும். 5 டிகிரியில் 7 கிராமுக்கும் குறைவு. மிச்சம் தண்ணீராக வழிகிறது, யார் கண்ணுக்கும் படாமல் இரும்பு துருப்பிடிக்கிறது. இரண்டு பேர் இரவு முழுக்கத் தூங்கினாலே மூச்சிலும் தோலிலுமாக அரை லிட்டருக்கு மேல் ஈரம் சேரும். சமையல் வாயுவான புரோப்பேன் ஒரு கிலோ எரிந்தால் 1.6 கிலோ நீராவி. இரும்பின்மேல் இடைவெளியின்றி பாலியூரித்தேன் நுரையைப் பீய்ச்சி அடிப்பது, குளிரைத் தடுப்பதோடு அந்தக் காற்று இரும்பைத் தொடாமலும் பார்த்துக்கொள்கிறது.

சரி, இவ்வளவையும் அடைத்தாயிற்று. கதவின் கீழ்ப்பகுதித் துளைகளும் கூரையில் இருக்கும் காளான் வடிவ வென்ட்களும் (காற்றுத் துவாரங்களும்)? அவற்றைத் தொடவே கூடாது. அவை தானாக வந்த ஓட்டைகளல்ல. அடுப்பும் மனிதரும் மூச்சுவிட யாரோ கணக்குப் போட்டு வைத்தவை. இடுக்குகளை அடைத்த பிறகு எல்லாக் காற்றும் அவற்றின் வழியாகத்தான் வந்தாக வேண்டும். காற்று குறைந்தால் அடுப்பில் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறமோ மணமோ கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். பிரிட்டனின் படகுப் பாதுகாப்புத் திட்டம், தங்கும் இடமுள்ள படகுகளில் இந்த வாயுவுக்கான அலாரத்தை 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. குளிர் தாங்காமல் வென்ட்டில் பழந்துணியைத் திணிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதிகம் குளிரடித்தால் படகைத் திருப்பிக் கட்டிப் பார்க்கலாம். துணியை மட்டும் எடுத்துவிடுங்கள்.