முட்டிவிட்டால் சொல்லிவிடுங்கள்

விடியப்புறம் இரண்டரை மணி, கட்டுநாயக்க விமானநிலையம். மழை விட்டு அரை மணித்தியாலம்கூட ஆகியிருக்காது. ஒரு ஏ320 மூன்றே முக்காலுக்குப் புறப்பட வேண்டும். விமானத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்த நான், பின்பக்கக் கார்கோ கதவுக்கு அருகில் டோர்ச்சை வழக்கம்போல உடலோடு ஒட்டிச் சரித்துப் பிடித்தேன். நேராக அடித்தால் எதுவும் தெரியாது, சரித்துப் பிடித்தால்தான் நிழல் விழும். உள்ளங்கையளவு நிழல் ஒன்று விழுந்தது. அதன் விளிம்பில் விரல் நீளத்துக்கு மஞ்சள் பெயின்ட். பக்கத்தில் மழைக்கோட்டுடன் ஒரு பெடியன் நின்றான், இருபது வயதுதான் இருக்கும்.

"தம்பி, இது என்ன?" என்றேன். "தெரியாது அண்ணா" என்றான். மற்றவர்கள் அந்தப் பக்கம் போன பிறகு கிட்ட வந்து, "பெல்ட் லோடரைக் கிட்டக் கொண்டுபோகேக்க சாதுவா முட்டிட்டுது அண்ணா. பெயின்ட்தான் போயிருக்கு எண்டு நினைச்சன். சொன்னா வேலை போயிடும்" என்றான். பெல்ட் லோடர் என்பது பெட்டிகளை ஓடும் பட்டியில் வைத்துக் கார்கோ கதவுக்கு ஏற்றுகிற வண்டி.

வெளித்தகட்டின் நெளிவை அளந்தோம். ஆழம், அகலம் இரண்டும் திருத்த வேலைப் புத்தகத்தில் அனுமதித்த அளவுக்குள்தான் இருந்தன. ஆனால் அந்த இடத்துக்கு நேர் பின்னால் ஒரு பிரேம், உடலை உள்ளிருந்து தாங்குகிற வட்டச் சட்டம், போகிறது, அதனால் கார்கோ அறையின் உள்பலகையைக் கழற்றிப் பார்த்தோம். பிரேமின் விளிம்பு வளைந்திருந்தது, தகட்டைப் பிணைக்கிற ரிவட் ஆணிகள் இரண்டின் தலைகள் தெறித்திருந்தன. அன்றைக்கு அந்த விமானம் போகவில்லை. பெடியனை அவன் வேலை செய்த நிறுவனம் வீட்டுக்கு அனுப்பியது. பெயர் சொல்ல மாட்டேன், சொல்லவும் தேவையில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடமாக அந்த நிறுவனத்திலிருந்து ஒரே ஒரு முட்டல்கூட எங்களுக்கு அறிவிக்கப்படவில்லை. இரவும் பகலும் இத்தனை வண்டிகள் ஓடுகிற இடத்தில் ஒரு வருடமாக ஒன்றுமே முட்டவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

இருபது வருடமாக விமான உடலின் தகட்டு வேலையும் பைபர் வேலையும் செய்கிறவன் நான். விமானங்கள் நிற்கிற ராம்பில் வேலை செய்கிறவர்கள், அவர்களை மேய்க்கிற சுப்பவைசர்மார், இந்தத் துறையைப் படிக்கப் போகிற பிள்ளைகள், ஜன்னலோர சீட்டில் இருக்கிற பயணிகள், எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், அந்தத் தகடு எவ்வளவு மெல்லியது என்று தெரிய வேண்டும். பயணிகள் விமானத்தின் உடலில் பல இடங்களில் வெளித்தகடு ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர்தான். உள்ளே வட்டமாகப் பிரேம்கள், நீளவாக்கில் ஸ்ட்ரிங்கர் என்கிற சட்டங்கள், மேலே தகடு, மூன்றும் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. வெறும் மூடி என்று எதுவுமில்லை, தகடும் வேலை செய்கிறது. உயரத்தில் பறக்கும்போது உள்காற்று ஒவ்வொரு சதுர அங்குலத்தையும் ஏறக்குறைய 8 இறாத்தல் விசையோடு வெளியே தள்ளும். ஒரு சதுர அடிக்குக் கணக்குப் பாருங்கள், அரை தொன் வரும். இறங்கினால் அது தளரும், அடுத்த பயணத்தில் மறுபடி ஏறும். அதனால்தான் நாங்கள் விமானத்தின் வயதை வருடத்தில் மட்டும் பார்ப்பதில்லை, எத்தனை தரம் ஏறி இறங்கியது என்றும் பார்க்கிறோம். நெளிவின் ஓரமோ நகக்கீறல் போன்ற ஒரு கோடோ, அந்த ஏற்ற இறக்கம் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டே போகும்.

2005 டிசம்பர் 26, அமெரிக்காவின் சியாட்டில். அலாஸ்கா எயார்லைன்ஸின் எம்டி-83 ஒன்றை ராம்பில் ஒருவர் வண்டியால் முட்டிவிட்டார். யாருக்கும் சொல்லவில்லை. விமானம் கிளம்பி ஏறக்குறைய 26,000 அடியில் போகும்போது ஓர் அடி நீளம், அரையடி அகலத்தில் உடலில் ஓட்டை விழுந்து உள்காற்று வெளியேறிவிட்டது. நல்லவேளை, விமானிகள் உடனே கீழே இறக்கித் திருப்பிக் கொண்டுவந்தார்கள், எல்லோரும் பிழைத்தார்கள். அந்த மனிதரும் எங்கள் பெடியன் நினைத்ததைத்தான் நினைத்திருப்பார் என்று எனக்குப் படுகிறது.

பயணிகளுக்கும் இதில் பங்கு இருக்கிறது. 1988 ஏப்ரல் 28, ஹவாய்த் தீவுகளில் அலோஹா எயார்லைன்ஸின் போயிங் 737-200 ஒன்று 24,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருக்க அதன் கூரையில் ஏறக்குறைய 18 அடி நீளம் பிய்த்துக்கொண்டு போனது. ஒரு விமானப் பணிப்பெண் உயிரிழந்தார். தீவுக்குத் தீவு சின்னச் சின்னப் பயணமாக 89,680 தரம் பறந்த விமானம், சுற்றிலும் உப்புக் காற்று. தகடும் தகடும் மேலேறும் இணைப்பில் ஒட்டுப்பசை விட்டுப்போய், ஈரம் புகுந்து, ரிவட் ஓட்டை ஒவ்வொன்றிலிருந்தும் மெல்லிய வெடிப்புகள் வளர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. அன்றைக்கு ஏறும்போதே ஒரு பயணி கதவுக்கு அருகே ரிவட் வரிசையில் வெடிப்பொன்றைக் கண்டிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. இது விசாரணை அறிக்கையிலேயே இருக்கிறது. ஆகவே, எதையாவது கண்டு சந்தேகம் வந்தால் வெட்கப்படாமல் பணிப்பெண்ணிடம் சொல்லுங்கள். நூறு பேர் சொன்னதில் தொண்ணூற்றொன்பது பேர் சொன்னது ஒன்றுமில்லாமல் போனாலும் எங்களுக்குக் கோபம் வராது.

உப்புக் காற்று என்றதும் கொழும்பு ஆட்களுக்குப் புரிந்திருக்கும். வெள்ளவத்தையில் கடலுக்குக் கிட்ட வீடு இருந்தால் அலுமினிய ஜன்னலில் இரும்பு ஆணி போட்ட இடத்தைப் போய்ப் பாருங்கள். ஆணியைச் சுற்றி வெள்ளைத் தூள் பூத்திருக்கும். அலுமினியத்துக்கு இரும்பைப் போலக் கறள் பிடிக்காது, ஆனால் அரிக்கும். இரண்டு வேறு உலோகம், நடுவில் உப்பு ஈரம் என்றால் இன்னும் வேகமாக அரிக்கும். எங்கள் கட்டுநாயக்க விமானநிலையத்துக்குப் பக்கத்தில் நீர்கொழும்பு களப்பு, இரத்மலானை விமானநிலையத்துக்குப் பக்கத்தில் கடல். பெயின்ட் சின்னக் கொப்பளமாக எழும்பியிருந்தால், ரிவட்டுக்குப் பின்னால் காற்றடிக்கிற பக்கமாகக் கறுப்புக் கோடு போயிருந்தால் நான் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டேன். அந்தக் கறுப்பு, தளர்ந்த ரிவட் அசைந்து அசைந்து அரைத்த அலுமினியத் தூள்.

பயிற்சிக்கு வந்த புதிதில் ஒரு தகட்டில் வெட்டுக்கோடு போடப் பென்சிலை எடுத்தேன். என் சேர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். பென்சில் முனை கரி, அலுமினியத்தோடு சேர்ந்தால் அது வெள்ளவத்தை ஜன்னல் ஆணி செய்கிற வேலையைத்தான் செய்யும். கோடு போகிற இடத்திலேயே அரிப்புக்கு வழி வெட்டிக்கொடுத்த மாதிரி. இரும்புக் கம்பளியால் தேய்க்கவும் கூடாது, அதன் துகள் பதிந்துவிடும். கார்கோவில் மீன் ஏற்றுகிறவர்களுக்கு ஒன்று: பெட்டி ஒழுகி உப்புத் தண்ணீர் தரைக்குக் கீழே இறங்கினால் அதுவும் முட்டலைப் போலத்தான், சொல்ல வேண்டும். மெர்க்குரி கொட்டினால் கட்டாயம் உடனே சொல்ல வேண்டும், அது அலுமினியத்தைத் தின்கிற வேகத்துக்கு உப்பு கிட்டவும் வராது.

உடலின் வெளித்தகட்டுக்குப் பெரும்பாலும் 2024 என்கிற செம்பு கலந்த அலுமினியம், பாரம் அழுத்துகிற இடங்களுக்கு 7075 என்கிற துத்தநாகம் கலந்தது. இரண்டும் பலம்தான், ஆனால் சுத்த அலுமினியத்தைவிட அரிப்புக்கு லேசாக இடம்கொடுப்பவை, அதனால் தகட்டின் இருபக்கமும் சுத்த அலுமினியத்தை மெல்லிய படையாகப் பூசி வைத்திருப்பார்கள். கீறல் அந்தப் படையைத் தாண்டியதா இல்லையா என்பதுதான் எங்கள் முதல் கேள்வி. 'கீறல்தானே' என்று சொல்லுகிறவருக்கு அது தெரிய வழியில்லை.

இப்போது பைபருக்கு வருகிறேன், எனக்குப் பயம் அதிகம் அங்கேதான். போயிங் 787இன் எடையில் பாதி, ஏ350இல் அதைவிடக் கொஞ்சம் அதிகம், காபன் இழையும் பிசினும் சேர்ந்த கலவைப் பொருள். ஏ320இன் வால் செட்டையும் அதுதான். அலுமினியம் நேர்மையானது, அடித்தால் நெளியும், நெளிந்ததைக் காட்டும். காபன் அப்படியில்லை. அடிபட்டவுடன் மேற்பரப்பு துள்ளிப் பழைய இடத்துக்கே வந்துவிடும், உள்ளே படைகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து நிற்கும். நீர்கொழும்பிலும் முகத்துவாரத்திலும் பைபர் படகு வைத்திருக்கிற மீனவர்களைக் கேளுங்கள், பாறையில் தட்டிய படகின் வெளியே நட்சத்திரம் போலச் சின்னக் கீறல்தான் இருக்கும், உள்பக்கம் வெள்ளையாக வெளிறியிருக்கும் என்பார்கள். விமானத்தில் உள்பக்கத்தை அப்படி லேசில் எட்டிப் பார்க்க முடியாது.

அதனால் தட்டிப் பார்க்கிறோம். சந்தையில் அம்மா மண்சட்டி வாங்கும்போது விரலை மடக்கித் தட்டுவாரே, அதே வேலைதான். அதற்கென்றே சின்னச் சுத்தியல் இருக்கிறது, நாணயக் குற்றியாலும் செய்யலாம். நல்ல இடம் 'டிங்' என்னும், பிரிந்த இடம் 'தொக்' என்று செத்த சத்தம் தரும். சத்தம் மாறுகிற இடங்களில் புள்ளி வைத்து இணைத்துக்கொண்டு போனால் சேதத்தின் எல்லை கிடைக்கும். மெல்லிய படைக்கும், உள்ளே தேன்கூடு போலக் கண்ணறைகள் உள்ள பலகைக்கும் அது சரி, தடித்த காபனுக்கு அல்ட்ராசவுண்ட் வேண்டும். உலோக வெடிப்புக்கு, மின்சுழலை வைத்துத் தேடுகிற எடி கரன்ட் கருவி, அல்லது சிவப்புச் சாயம் ஊறவைத்துத் துடைத்துவிட்டு மேலே வெள்ளைப் பவுடர் தெளிக்கிற முறை. கண்ணுக்குத் தெரியாத வெடிப்புக்குள் போன சாயம் பவுடரில் மெல்லிய சிவப்புக் கோடாக ஊறி வரும். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு இன்னும் நெஞ்சு ஒரு கணம் நிற்கிற காட்சி அது. ஆனால் இந்தக் கருவிகள் எல்லாவற்றுக்கும் ஒரு குறை, எங்கே வைக்க வேண்டும் என்று யாராவது சொல்ல வேண்டும். முழு விமானத்தையும் ஒவ்வொரு இரவும் தட்டிப் பார்க்க முடியாது.

திருத்துவது பற்றிக் கொஞ்சம். 'மேலே ஒரு பட்ச் போட்டால் சரிதானே' என்று மனேஜர்மார் கேட்பார்கள். 1978இல் ஒசாகாவில் வால் தரையில் உரசிய ஜப்பான் எயார்லைன்ஸ் 747இன் வால் பக்கத்தில் உள்காற்றை அடைத்து நிற்கிற பின் அழுத்தச் சுவரைத் திருத்தியபோது, ஒரே துண்டாக இருக்க வேண்டிய இணைப்புத் தகட்டை இரண்டாக வெட்டிப் போட்டார்கள். இரண்டு வரிசை ரிவட் தாங்க வேண்டிய பாரத்தை ஒரு வரிசை தாங்கியது. ஏழு வருடம் தாங்கியது. 1985 ஆகஸ்ட் 12 அன்று விட்டுப்போய் விமானம் விழுந்தது, 520 பேர் இறந்தார்கள். 1980இல் ஹொங்கொங்கில் அதேபோல வால் உரசிய சைனா எயார்லைன்ஸ் 747இல் கீறல்களை நீக்காமல் மேலே தகட்டைப் போட்டு மூடிவிட்டார்கள். இருபத்திரண்டு வருடம் கீறல் உள்ளே வளர்ந்தது. 2002 மே 25 அன்று தாய்வான் நீரிணைக்கு மேலே விமானம் நடுவானில் உடைந்தது, 225 பேர். இரண்டும் எல்லோருக்கும் தெரிந்து, திருத்தவென்று உட்கார்ந்து திருத்திய அடிகள். தெரிந்த அடியே இப்படியென்றால் சொல்லாமல் விட்ட அடியை என்ன சொல்வது?

ஆகவேதான் நாங்கள் மெதுவாகச் செய்கிறோம். சேதத்தை முழுதாக வெட்டி எடுத்து, மூலைகளை வட்டமாக்கி, அதே உலோகத்தில் அதே தடிப்போ அதற்கு ஒரு படி மேலோ உள்ள தகடு போட்டு, ரிவட்டின் நடுவிலிருந்து தகட்டு ஓரத்துக்குக் குறைந்தது ரிவட் விட்டத்தின் இரண்டு மடங்கு விட்டுத்தான் அடிப்போம். அது குறைந்தால் ஓரம் கிழியும். சிலவகை ரிவட்டுகளை ஐஸில் வைத்து எடுத்த சில நிமிடங்களுக்குள் அடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இறுகிவிடும். பைபர் என்றால் முதலில் ஈரத்தைக் காயவைக்க வேண்டும். கொழும்புக் காற்றில் அதற்கே அரை நாள் போகும். அப்புறம்தான் படைபடையாக வைத்து, காற்றை உறிஞ்சி, சூட்டுப் போர்வை போட்டு வேகவைப்பது. பயணிகள் திட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் பிள்ளையோடு அந்தக் காத்திருப்பு அறையில் இருந்திருக்கிறேன்.

சுப்பவைசர்மாருக்கு நேரடியாகச் சொல்கிறேன். முட்டியவனைத் தண்டிக்கலாமா கூடாதா என்று வாதாட நான் வரவில்லை. குடித்துவிட்டு ஓட்டினான் என்றால் அது வேறு கதை. ஆனால் முட்டிவிட்டு வந்து தானாகச் சொன்னவனை நீங்கள் வீட்டுக்கு அனுப்பினால், அடுத்த முட்டலை எனக்கு நீங்களே மறைத்துவிட்டீர்கள். என்னிடம் இருக்கிற டோர்ச்சும் சுத்தியலும் அவன் வாயைவிடப் பெரிய கருவிகள் இல்லை.

தம்பிமார், தங்கச்சிமார், முட்டினால் வண்டியைப் பின்னுக்கு எடுக்க முன்பே கத்தி ஆளைக் கூப்பிடுங்கள். எந்தக் கதவுக்கு எந்தப் பக்கம், எந்த வண்டியின் எந்தப் பாகம், எவ்வளவு வேகம் என்று சொல்லுங்கள். பெயின்ட் அடையாளத்தைத் துடைக்காதீர்கள், இரும்பு பட்டதா ரப்பர் பட்டதா என்று அதை வைத்துத்தான் பார்ப்போம். 'ரப்பர் பம்பர்தான் பட்டது, ஒரு கோடுகூட இல்லை' என்றாலும் சொல்லுங்கள். காபன் உடலில் எனக்கு அதுதான் பெரிய பயம். இரும்பு முனை குத்தினால் ஓட்டையாவது தெரியும், அகலமான ரப்பர் அழுத்தினால் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே பிரேம் உடைந்திருக்கும்.