பின்மூடியில் இருக்கும் அந்த 30 மீட்டர்

வாட்ச்சின் பின்மூடியில் '30 மீட்டர்' என்று பொறித்திருந்தால், அதைக் கட்டிக்கொண்டு 30 மீட்டர் ஆழத்துக்குப் போகலாம் என்று அர்த்தமில்லை. உண்மையில் அது அழுத்தக் கணக்கு. தண்ணீரில் 10 மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய ஒரு 'பார்' (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் கூடும்; 30 மீட்டர் என்றால் 3 பார். புத்தம்புது வாட்ச் ஒன்று சோதனைக் கருவிக்குள் அசையாமல் கிடந்து, 10 நிமிடம் அதைத் தாங்கியது, அவ்வளவுதான். சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ சாதாரண வாட்ச்களுக்கு வகுத்த 22810 தரத்தில் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும் என்றுகூட இல்லை, மாதிரிக்குச் சில போதும். முக்குளிப்பவர்களுக்கான ஐஎஸ்ஓ 6425தான் கறார்: ஒவ்வொரு வாட்ச்சும், போட்டிருக்கும் எண்ணைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் தேறியாக வேண்டும்.

நீந்தும்போது கையை வீசுவதால் அழுத்தம் எகிறிவிடும் என்று பலர் சொல்வார்கள். கணக்குப் போட்டால் அப்படி வரவில்லை. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் கை தண்ணீரைக் கிழித்தாலும், கூடுவது ஒன்றேகால் மீட்டர் ஆழத்துக்கு உரிய அழுத்தம்தான். அப்புறம் தண்ணீர் எப்படி உள்ளே போகிறது?

ரப்பர் வழியாக. கண்ணாடியின் ஓரம், பின்மூடியின் அடி, நேரம் திருத்தும் சாவியின் தண்டு என மூன்று இடங்களில் மெல்லிய வளையங்கள் நசுங்கியபடி இடைவெளியை அடைத்துக்கொண்டிருக்கும். வருடக்கணக்கில் நசுங்கியே கிடந்தால் ரப்பரின் துள்ளல் போய்விடும். வியர்வையும் சோப்பும் தங்கள் பங்குக்கு அதைக் கெடுக்கும். பேட்டரி மாற்றும்போது வளையம் முறுக்கிக்கொண்டதைக் கவனிக்காமல் மூடினால், அந்த 30 மீட்டர் அன்றோடு சரி. வெந்நீர்க் குளியல் இன்னும் மோசம்: உலோகமும் ரப்பரும் வெவ்வேறு அளவில் விரியும், சூட்டில் உள்ளிருக்கும் காற்று கொஞ்சம் வெளியேறி, ஆறியதும் ஈரக்காற்றை உள்ளே இழுக்கும்.

மூன்றில் தொல்லை பிடித்தது சாவிதான், அடிக்கடி இழுத்துத் திருகுகிறோமே. 1926இல் ரோலெக்ஸ் தன் 'ஆய்ஸ்டர்' வாட்ச்சில் சாவியையே திருகாணிபோல் முடுக்கி மூட வைத்தது. 1927 அக்டோபரில் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற பெண் அதைக் கழுத்தில் தொங்கவிட்டு ஆங்கிலக் கால்வாயில் 10 மணி நேரத்துக்கு மேல் நீந்தினார். குளிர் தாங்காமல் அவரைப் படகில் ஏற்ற வேண்டியதாயிற்று, வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

உங்கள் வாட்ச்சில் ஈரம் புகுந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. வாட்ச்சை 40 டிகிரிக்குச் சற்று மேல் சூடாக்கி, கண்ணாடியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைப்பார்கள். உட்பக்கம் ஆவி படிந்திருந்தால் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே குடியேறிவிட்டது.