பாய்லர் தன் வாயில் தானே தண்ணீர் ஊற்றிக்கொள்வது எப்படி?

காரிமங்கலத்திலிருந்து ஒரு பாலிடெக்னிக் மாணவர் கேட்கிறார்: “உங்கள் வீட்டில் ஓடும் குட்டி நீராவி இஞ்சினைப் பார்த்தேன். பாய்லரில் தண்ணீர் குறைந்ததும் ஒரு வால்வைத் திறந்தீர்கள். பாய்லரின் நீராவியே வெளியே வந்து, தொட்டித் தண்ணீரை இழுத்து, அதே பாய்லருக்குள் தள்ளிவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம்தானே? சம பலமுள்ள இருவர் மல்லுக்கு நின்றால் ஒருவர் மட்டும் எப்படி ஜெயிப்பார்? இதில் ஏதாவது ஏமாற்று வேலை இருக்கிறதா?”

ஏமாற்று வேலை இல்லை தம்பி. ஆனால் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். அந்தச் சுண்டுவிரல் அளவுப் பித்தளைக் கட்டைக்குப் பெயர் இன்ஜெக்டர். என் இஞ்சினில் எனக்கு மிகவும் பிடித்த பாகமும் அதுதான், என் தூக்கத்தைக் கெடுத்த பாகமும் அதுதான்.

இஞ்சினைப் பார்க்காதவர்களுக்காக முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அது ஒரு டிராக்‌ஷன் இஞ்சினின் குட்டி வடிவம். டிராக்‌ஷன் இஞ்சின் என்பது தண்டவாளம் இல்லாமல் மண் ரோட்டில் போகும் ரயில் இஞ்சின் மாதிரி. அதற்கு முன்பும் இங்கிலாந்தில் வயலுக்கு வயல் நீராவி இஞ்சின் போனது, ஆனால் குதிரை கட்டி இழுத்துப் போனார்கள். 1859-இல் தாமஸ் ஏவ்லிங் என்பவர் அதன் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டித் தானே நகர வைத்தார். அங்கே அது கதிரடித்தது, மரம் அறுத்தது, சுமை இழுத்தது. நம் கேழ்வரகுக் களத்துக்கு அது வரவில்லை. அதன் தம்பி ரோடு ரோலர்தான் வந்தது. நெற்றியில் குதிரை பொறித்த பித்தளைத் தகட்டோடு புகை கக்கிக்கொண்டு போன ரோலரை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் குதிரை ஏவ்லிங் கம்பெனியின் சின்னம். கிருஷ்ணகிரி ரோட்டில் அதைத் தொட்டுப் பார்க்கப் போய், கரி அள்ளிப் போடுபவரிடம் திட்டு வாங்கியவன் நான். எங்கள் தாத்தா காலத்தில் மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்குக் குறுகிய பாதை ரயிலே ஓடியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதில் புளி மூட்டை ஏற்றிய கதையை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

என் இஞ்சின் அசலில் ஆறில் ஒன்று. நீளம் ஆறில் ஒன்று என்றால் பரப்பு 36-இல் ஒன்று, எடை 216-இல் ஒன்று. அதனால் 11 டன் இஞ்சின் 50 கிலோ சொச்சத்துக்கு வந்துவிடும். இரண்டு பேர் சேர்ந்தால் திண்ணையிலிருந்து இறக்கிவிடலாம்.

மாடு விற்ற பிறகு காலியாக இருந்த கொட்டகைதான் பட்டறை. ஒரு பழைய லேத், ஒரு டிரில்லிங் மிஷின், ஒரு பெஞ்ச் வைஸ். சக்கரம், கியர், கிராங்க் எல்லாம் பொறுமை இருந்தால் வந்துவிடும், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சிலிண்டர் வார்ப்பில் மட்டும் ஒரு வார்ப்பட்டறைக்காரர் காலை வாரினார். இரண்டு நாள் லேத்தில் கடைந்த பிறகு, கண்ணாடி மாதிரி வந்த துளைக்கு நடுவில் பட்டாணி அளவுக்கு ஒரு காற்றுக்குழி பல்லை இளித்தது. மறுபடி முதலிலிருந்து.

பாய்லர் செம்பு. பாட்டி வீட்டுக் குளியலறையில் வெந்நீர் பாய்லர் இருக்குமே, கீழே கரி, நடுவில் ஒரு புகைக்குழாய், சுற்றிலும் தண்ணீர். அதைப் படுக்கப் போட்டு, ஒரு குழாய்க்குப் பதில் பதினான்கு குழாய் வைத்தால் என் பாய்லர். மூட்டுகளைப் பற்றவைப்பது தட்டார் வேலை. வெண்காரம் தடவி, வெள்ளி கலந்த பற்றை வைத்து, செம்பு சிவக்கும்வரை ஊத வேண்டும். பொடி வைத்து ஊதுவது என்றால் என்னவென்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. வேலை செய்யும் அழுத்தம் 6 பார், அதாவது கார் டயரில் இருப்பதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அதைப்போல் இரண்டு மடங்கு அழுத்தத்தில் முதலில் தண்ணீரை நிரப்பிச் சோதிக்க வேண்டும். காற்றை வைத்துச் சோதித்தால், மூட்டு விட்டுப்போகும்போது அமுங்கிய காற்று மொத்தமும் விரிந்து வெடிக்கும். தண்ணீர் அமுங்காது, ஒரு சொட்டு கசிந்ததும் அழுத்தம் விழுந்துவிடும். அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கரியடுப்பின் கூரை எப்போதும் தண்ணீருக்கு அடியில் இருக்க வேண்டும். தண்ணீர் இறங்கிக் கூரை வெளியே தெரிந்தால், செம்பு சூடேறி இளகி உள்ளே அமுங்கிவிடும். அதனால் தண்ணீர் விட இரண்டு தனித்தனி வழிகள் வைப்பார்கள். ஒன்று கிராங்கோடு ஓடும் பம்ப். ஆனால் இஞ்சின் நின்றால் அதுவும் நின்றுவிடும், அடுப்போ எரிந்துகொண்டே இருக்கும். இன்னொன்று இன்ஜெக்டர். அதற்குள் அசையும் பாகம் என்று ஒன்றுமே கிடையாது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று குட்டிப் புனல்கள், அவ்வளவுதான்.

இதை 1858-இல் காப்புரிமை எடுத்தவர் ஆன்ரி ஜிஃபார் என்ற பிரெஞ்சுக்காரர். அதற்கு ஆறு வருடம் முன்பு நீராவி இஞ்சினைப் பலூனில் கட்டி வானத்தில் பறந்த அதே ஆள்.

இப்போது கணக்கு. 6 பாரில் இருக்கும் பாய்லரில் தண்ணீர்ப் பகுதியில் ஒரு துளை போட்டால், தண்ணீர் நொடிக்கு 35 மீட்டர் வேகத்தில் பீய்ச்சும். நீராவிப் பகுதியில் சரியான வடிவத்தில் ஒரு துளை வைத்தால், நீராவி நொடிக்கு 800 மீட்டர் வரை போகும். அந்த வேகத்தில் கிளம்பினால் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு நிமிடம். அதே பாய்லர், அதே அழுத்தம். ஏன் இவ்வளவு வித்தியாசம்? தண்ணீரை அழுத்தம் தள்ளுகிறது, அதோடு சரி. நீராவியோ முதல் புனலில் விரிந்துகொண்டே போகிறது. விரியும்போது தன் சூட்டையே செலவழித்து வேகமாக மாற்றிக்கொள்கிறது. அதனால்தான் அந்தப் புனல் முதலில் ஒடுங்கி, பிறகு அகல வேண்டும்.

மல்லுக்கு நிற்கும் இருவரும் சமம் இல்லை என்பது இங்கேயே தெரிந்துவிட்டது. பாய்லருக்குள் நுழைய வேண்டிய தண்ணீருக்கு 35 மீட்டர் வேகம் இருந்தால் போதும். நீராவியிடம் 800 இருக்கிறது. ஒரு கிலோ நீராவி தன் வேகத்தைப் பத்து கிலோ தண்ணீரோடு பங்கு போட்டுக்கொண்டால், 11 கிலோவும் சேர்ந்து நொடிக்கு 73 மீட்டர் வேகத்தில் போகும். பத்தாம் வகுப்பு உந்தக் கணக்குதான். அதில் பாதி உராய்வில் போனாலும் உள்ளே நுழையலாம்.

பங்கு போடும் இடம் இரண்டாவது புனல். குளிர்ந்த தண்ணீரைத் தொட்டதும் நீராவி சுருண்டு தண்ணீராகிவிடுகிறது. எவ்வளவு சுருங்குகிறது தெரியுமா? பாய்லருக்குள் ஒரு கிலோ நீராவி அடைத்துக்கொண்டிருந்த இடம் ஏறக்குறைய 273 லிட்டர். தண்ணீரானதும் ஒரு லிட்டர். அந்த இடத்தில் உண்டாகும் வெற்றிடம் இன்னும் தண்ணீரை உறிஞ்சுகிறது. இதை வேறு விதமாகவும் பார்க்கலாம். பாய்லரை விட்டு வெளியே போனது 273 லிட்டர், திரும்ப உள்ளே நுழையக் கேட்பது 11 லிட்டர் சொச்சம். ஒரே அழுத்தத்தில் 273 லிட்டரை வெளியே தள்ளியதில் கிடைக்கும் வேலையில், 11 லிட்டரை உள்ளே தள்ள ஒரு துளி செலவானால் போதும். இது பிடிபட்ட ராத்திரி நான் எழுந்து போய்க் கொட்டகை லைட்டைப் போட்டு அந்தப் பித்தளைக் கட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாவது புனல் மெதுவாக அகலும். வேகம் குறையக் குறைய அழுத்தம் ஏறும், இதுதான் பெர்னூலி விதி. ஏறிய அழுத்தம், ஒரு பக்கம் மட்டுமே வழிவிடும் நான்-ரிட்டர்ன் வால்வைத் தூக்கித் தண்ணீரைப் பாய்லருக்குள் விடுகிறது. இரண்டாவது புனலுக்கும் மூன்றாவதற்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளி உண்டு. வால்வைத் திறந்ததும் முதலில் அதன் வழியாகத் தண்ணீர் வெளியே கொட்டும். தாரை வேகம் பிடித்ததும் கொட்டுவது சட்டென்று நிற்கும், ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் மெல்லிய ‘கீ’ என்று மாறும். அந்தச் சத்தம் கேட்டால் மீட்டர் பார்க்கத் தேவையில்லை.

அப்படியானால் இது சும்மா கிடைக்கும் சக்தியா? இல்லை. நீராவி இழந்த சூட்டில் பெரும்பகுதி, சூடான தண்ணீராகப் பாய்லருக்கே திரும்பிவிடுகிறது. தள்ளுகிற வேலைக்கு விலை கொடுப்பது அடுப்பில் எரியும் கரி. தண்ணீரில் ஓடும் பைக், மூலிகை பெட்ரோல் என்று தொண்ணூறுகளிலிருந்து நம்மை மயக்கும் வித்தைகளுக்கும் இதற்கும் இதுதான் வித்தியாசம். இங்கே கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டலாம்.

செய்து பார்த்த கதைக்கு வருகிறேன். மூன்றாவது புனலின் குறுகிய இடத்தில் துளை 0.6 மில்லிமீட்டர். அந்தச் சரிவை உள்ளே கடைய ரீமர், அதாவது துளையைச் செதுக்கிச் சீராக்கும் கருவி, கடையில் கிடைக்காது. சில்வர் ஸ்டீல் கம்பியைக் கூம்பாகக் கடைந்து, பாதியை அரத்தால் ராவி எடுத்து, சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் ரீமர். முதல் இன்ஜெக்டர் வெறுமனே கொட்டிக்கொண்டே இருந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் துளை விளிம்பில் முடியைவிட மெல்லிய ஒரு பிசிறு. இரண்டாவதில் டிரில் நடுவிலிருந்து விலகிப்போனது. மூன்றாவது பாடியது.

பாடிய இன்ஜெக்டர் சித்திரை ஒன்றாம் தேதி, சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடி நின்றபோது, மறுத்துவிட்டது. சின்ன அத்தை “கண்ணு பட்டுடுச்சு” என்று எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோர்த்துச் சக்கரத்தில் கட்டினார். நான் அதற்குள் தொட்டியைத் தொட்டுப் பார்த்தேன். வெயிலும் அடுப்புச் சூடும் சேர்ந்து தண்ணீர் 45 டிகிரி இருக்கும். 27 டிகிரித் தண்ணீர் பத்து கிலோவில் ஒரு கிலோ நீராவி கலந்தால் கலவை 85 டிகிரி. 45-இல் தொடங்கினால் 100-ஐத் தொட்டுவிடும். பிறகு நீராவி எங்கே சுருள்வது? ஈரச் சாக்கைச் சுற்றி, மண்பானைத் தண்ணீரை ஊற்றினேன். ‘கீ’ வந்தது. பெருமை எலுமிச்சம்பழத்துக்குப் போனது. அடுத்த ஞாயிறு பழத்தை அப்படியே விட்டுவிட்டு, தொட்டியை மட்டும் வெயிலில் காயவைத்து ஓட்டிக் காட்டினேன். மறுத்தது. அத்தை அசரவில்லை. “பழம் காஞ்சு போச்சுடா, புதுசு கட்டணும்.”

அந்தப் பழத்துக்கு என் பட்டறையில் உண்மையான வேலை ஒன்று உண்டு. நம் மாவட்டத் தண்ணீர் என்றாலே ஃப்ளோரைடு நினைவுக்கு வரும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதனால்தான் வந்தது. ஃப்ளோரைடு பல்லைக் கெடுக்கும். பாய்லரைக் கெடுப்பது உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியம். போர் தண்ணீரை விட்டு ஓட்டினால் சூடான அந்த 0.6 மில்லிமீட்டர் துளையில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து அடைக்கும். கழற்றி எலுமிச்சைச் சாற்றில் ராத்திரி ஊறப் போட்டால் காலையில் பித்தளை பளிச்சென்று இருக்கும்.

ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சிக்கு நிதி என்றால் நாம் கோடிகளில்தான் யோசிக்கிறோம். பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வாங்குகிற பணத்தில், தொகுதிக்கு ஒரு பள்ளியிலாவது ஒரு சின்ன லேத்தும் அதை ஓட்டத் தெரிந்த ஓர் ஆளும் வைக்கலாம். பெர்னூலியைப் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதிய பிள்ளைகள் என் திண்ணையில் வந்து நின்று ‘இது எப்படி சார்?’ என்று கேட்கிறார்கள். தப்பு அவர்களுடையது அல்ல.

காரிமங்கலத்துத் தம்பிக்கு: கையால் வால்வைத் திறந்து பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக வாருங்கள். சித்திரை, வைகாசி வேண்டாம். மார்கழியில் ஒரு காலை நேரம் வாருங்கள். வீட்டில் மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் ஒரு கேன் எடுத்து வாருங்கள்.