ஒத்த சக்கரத்துல எவ்ளோ வெயிட்னு தெரியாம சேண்ட் போர்டு வாங்காதீங்க

ஓமன்ல ஹெவி வண்டி ரெக்கவரி வேலைல இருக்கேன். குளிர்காலம் வந்தா ஐரோப்பால இருந்து வீடு மாதிரி பாடி கட்டுன பெரிய பெரிய எக்ஸ்பெடிஷன் ட்ரக் இங்க வந்து இறங்கும், அதுல நிறைய பேரு ரப் அல் காலி பாலைவன மணல்ல ஒரு வாட்டியாவது ஓட்டிப் பாக்காம ஊர் திரும்ப மாட்டாங்க. மணல்ல சக்கரம் புதைஞ்சா, அடியில சொருகி வண்டிய ஏத்தி எடுக்குற பலகை தான் சேண்ட் போர்டு.

போன சீசன்ல அந்தப் பாலைவனத்து ஓரத்துல இருக்குற அல் ஹஷ்மான் ஊர் தாண்டி 14 டன் ஃபோர் பை ஃபோர் ஒண்ணு சிக்கிருச்சுன்னு போன் வந்து போனோம். பின் சக்கரத்துக்கு அடியில ரெண்டு புது ப்ளாஸ்டிக் போர்டு, ஓனர் ஆக்ஸிலேட்டர விடாம மிதிச்சுட்டு இருக்காரு. கூட வந்த பையன் "அண்ணே, ஏதோ கருகுற வாடை வருதுண்ணே"ன்னான். பாத்தா போர்டு மேல இருந்த பல்லெல்லாம் உருகி தேய்ஞ்ச சோப்பு மாதிரி வழவழன்னு ஆயிருச்சு. நைலான் தானே, டயர் ஒரே இடத்துல நின்னு சுத்துனா அந்த சூட்டுக்கு எந்த பிராண்டு நைலானும் தாங்காது.

அது கார்க்காரங்க வாங்குற போர்டு. கணக்கு சிம்பிள், லோடோட ஒரு லேண்ட் க்ரூஸர் 3 டன்னுன்னா ஒரு சக்கரத்துக்கு 750 கிலோ. இந்த ட்ரக்ல பின் ஆக்ஸில்ல மட்டும் எட்டரை டன், அப்போ ஒத்த சக்கரத்துல 4 டன்னுக்கு மேல, முழு லேண்ட் க்ரூஸரையும் ஒரு டயர் அடியில அமுக்குன மாதிரி! அகலமும் பத்தாது. கார் போர்டு 33 சென்டி கிட்ட இருக்கும், இந்த ட்ரக்கோட 395 டயரு (395ன்னா மில்லிமீட்டர்ல அகலம்) 40 சென்டி, டயர் ரெண்டு பக்கமும் வெளிய தொங்கும், போர்டு நடுவுல அமுங்கி மணலுக்குள்ள போயிரும். அதனால முதல்ல தண்ணி டீசல் எல்லாம் ஃபுல் பண்ணி எடை மேடைல முன் ஆக்ஸில் தனியா பின் ஆக்ஸில் தனியா எடை போடுங்க, அப்புறம் கடைக்குப் போங்க. கடைக்காரர் "10 டன் தாங்கும்"னு சொன்னா, அது தரைல படுக்க வெச்சா, இல்ல பள்ளத்துக்கு மேல பாலம் மாதிரி போட்டாலான்னு கேளுங்க, ரெண்டும் வேற வேற.

பழைய ஆளுங்க இரும்பு பிளேட் தான் வெச்சிருந்தாங்க, ரெண்டாம் உலகப் போர்ல விமான ஓடுதளத்துக்குப் போட்ட ஓட்டை போட்ட தகடு, ஒண்ணு 10 அடி நீளம், 15 இஞ்ச் அகலம், 30 கிலோ. பாதியா வெட்டுனா கூட மணல்ல தூக்கிட்டு நடக்கறவனுக்குத் தான் தெரியும் கஷ்டம். அலுமினியம் லேசு, ஆனா இந்த வெயிட்டுக்கு வளைஞ்சுரும், அப்புறம் கவுத்துப் போட்டு அதே டயர ஏத்தி நிமித்தணும். என் ஓட்டு ஃபைபர் கிரேட்டிங்குக்கு தான், ஆயில் ஃபீல்டுல நடைபாதைக்கு போடுவாங்களே, கட்டம் கட்டமா இருக்கும், அதுவே தான். 50 மில்லிமீட்டர் கனத்துல, ஒன்றரை மீட்டர் நீளம், டயர விட கொஞ்சம் அகலமா வெட்டிக்கணும். அமுங்கும், திரும்ப நிமிரும்.

ஆனா அன்னிக்கு வண்டிய வெளிய எடுத்தது கிரேட்டிங் மட்டும் இல்ல. அவர் டயர்ல காத்து 6 பார் அப்படியே இருந்துச்சு, மணல்ல! டயர் கம்பெனி டேபிள்ல லோடுக்கு எவ்ளோன்னு பாத்து ரெண்டரைக்கு இறக்குனோம், டிஃப்ரன்ஷியல் (ஆக்ஸில் நடுவுல தொங்குற கியர் உருண்டை) மணல்ல உக்காந்திருந்துச்சு, மம்பட்டி போட்டு அத தோண்டவே ஒரு மணி நேரம். அப்புறம் நாலு சக்கரத்துக்கும் முன்னாடி கிரேட்டிங்க சரிவா சொருகி, ரெண்டு பக்க சக்கரமும் சேந்து சுத்துற மாதிரி டிஃப் லாக் போட்டு, லோ ரேஞ்ச் கியர்ல மெதுவா விடச் சொன்னேன். ரெண்டாவது ட்ரைல சத்தமே இல்லாம ஏறிருச்சு.

அப்போ எவனும் வண்டிக்கு பின்னாடி நிக்கக் கூடாது, டயர் சுத்துனா போர்டு பின்னாடி பறக்கும். ஒவ்வொண்ணுலயும் கயிறு கட்டி நுனில கலர் துணி கட்டி வைங்க, புதைஞ்சு போனத தேடுறது தனி வேலை. ஓமன்ல உம் அஸ் சமீம் மாதிரி சப்கா, அதாவது உப்புச் சதுப்பு, பக்கம்னா பேச்சே வேணாம், மேல உப்பு ஓடு உடைஞ்சா கீழ சேறு, எந்த போர்டும் முழுகிரும், சுத்திப் போங்க.

கிரேட்டிங் வெட்டுறப்போ மாஸ்க்கும் முழுக்கை சட்டையும் போட்டுக்கோங்க, வெட்டுன ஓரத்துக்கு ரெசின் தடவிருங்க. எங்க பையன் சட்டையக் கழட்டிட்டு கிரைண்டர் வெச்சு அறுத்துட்டு ராத்திரி பூரா சொறிஞ்சுட்டே இருந்தான்.