ட்ராம்ப்ளே: ஊரின் பெயர் ஆளின் பெயராகும் விதம்

பாரிஸின் சார்ல் தெ கோல் விமான நிலையத்தில் இறங்குகிறவர்களில் பலர், தெரியாமலேயே ட்ராம்ப்ளே என்ற ஊரின் எல்லைக்குள் வந்து போகிறார்கள். விமான நிலையத்தின் ஒரு பகுதி ட்ராம்ப்ளே-ஆன்-ஃப்ரான்ஸ் என்ற நகராட்சியில் இருக்கிறது. அட்லாண்டிக்கைத் தாண்டி கனடாவின் கியூபெக் மாநிலத்துக்குப் போனால் அதே பெயர் மனிதர்களுக்கு இருக்கிறது. அங்கே மற்ற எல்லாக் குடும்பப்பெயர்களையும்விட அதிகம் வழங்குவது ட்ராம்ப்ளேதான். மாநிலப் புள்ளியியல் நிறுவனம் 2006-இல் வெளியிட்ட பட்டியலின்படி நூறு பேரில் ஒருவருக்கும் சற்று அதிகமானவர்களுக்கு அந்தப் பெயர். பிரான்சிலோ முதலிடம் மார்ட்டின் என்ற பெயருக்கு. ட்ராம்ப்ளே அந்த வரிசையில் எங்கோ பின்னால் இருக்கிறது.

அந்த ஊருக்கும் இந்த மனிதர்களுக்கும் என்ன உறவு? ஊர் ஆளுக்குப் பெயர் கொடுத்ததா, ஆள் ஊருக்குக் கொடுத்தாரா? பிரெஞ்சுக் குடும்பப்பெயர்களில் பெரும் பங்கு ஏதோ ஓர் இடத்தோடு ஒட்டியவை. அதனால் இந்த ஒரு பெயரைப் பின்தொடர்ந்து போனாலே அந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

பெயரின் அடியில் இருப்பது ஒரு மரம். ஐரோப்பிய ஆஸ்பென். நம் அரசமரத்தைப் போலவே காற்றே இல்லாதது போலத் தோன்றும் வேளையிலும் இலை ஆடிக்கொண்டிருக்கும். காரணம் இலைக்காம்பின் அமைப்பு. காம்பு உருண்டையாக இல்லாமல், இலைப்பரப்புக்குக் குறுக்காகத் தட்டையாக இருக்கிறது. அதனால் பக்கவாட்டில் எளிதாக வளைகிறது. மெல்லிய காற்று பட்டாலும் இலை இருபுறமும் படபடக்கிறது. ரோமானியர்கள் இதைப் பார்த்து ‘நடுங்குவது’ (ட்ரெமுலுஸ்) என்றே பெயர் வைத்தார்கள். மரத்தின் பெயரோடு ‘ஏத்தும்’ என்ற லத்தீன் விகுதி சேர்ந்தால் அந்த மரம் அடர்ந்த இடம், அதாவது தோப்பு. ட்ரெமுலேத்தும் நூற்றாண்டுகளில் தேய்ந்து ட்ராம்ப்ளே ஆனது. அதே பாரிஸ் புறநகரில் உள்ள ஓல்னே ஆல்டர் மரத்தோப்பு. ஷாத்னே செஸ்ட்நட் தோப்பு. வடக்கு பிரான்சின் வரைபடத்தை எடுத்தால், எப்போதோ வெட்டப்பட்டுவிட்ட காடுகளின் கணக்கேடு மாதிரி இருக்கும்.

ஆனால் ஈற்றொலியை மட்டும் பார்த்து முடிவு கட்டிவிடக் கூடாது. ‘ஏ’ என்று முடியும் ஊர்கள் எல்லாமே தோப்புகள் இல்லை. ரோமானியர் காலத்து பிரான்ஸான கோல் நாட்டில் ‘ஆக்கும்’ என்று இன்னொரு விகுதி வழங்கியது. நிலக்கிழார் ஒருவரின் பெயரோடு அது சேர்ந்தால் அவருடைய பண்ணை. சபீனுஸ் என்பவரின் பண்ணை சபீனியாக்கும். தெற்கில் அது சவின்யாக் ஆனது, வடக்கில் சவின்யி, மேற்கே சவின்யே, செவின்யே. ஒரே பழைய சொல்தான். பேச்சுவழக்கு மாற மாற வெவ்வேறு ஊர்ப்பெயர்களாகப் பிரிந்தது. அப்புறம் அந்த ஊர்களிலிருந்து கிளம்பியவர்கள் அந்தப் பெயர்களைத் தங்கள் குடும்பப்பெயராகச் சுமந்தார்கள். ஆளிடமிருந்து ஊருக்கு, ஊரிலிருந்து ஆளுக்கு என்று ஒரு பெயர் ஆயிரம் ஆண்டுகளில் இரண்டு தடவை கைமாறியிருக்கிறது.

இங்கே ‘கிளம்பியவர்கள்’ என்ற சொல்தான் முக்கியம். குடும்பப்பெயர் என்பது ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்ட வந்தது. ட்ராம்ப்ளே ஊருக்குள்ளேயே ஒருவரை ‘ட்ராம்ப்ளேக்காரர்’ என்று கூப்பிட்டு என்ன பயன்? எல்லாருமே ட்ராம்ப்ளேக்காரர்கள்தானே! அவர் பக்கத்து ஊர்ச் சந்தைக்கோ பாரிஸுக்கோ குடிபெயர்ந்த பிறகுதான் அந்த அடையாளம் உதவும். 1292-ஆம் ஆண்டின் பாரிஸ் வரிப்பதிவேட்டில் இப்படி ஊர்ப்பெயரோடு எழுதப்பட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆகவே ஊர்ப்பெயர்க் குடும்பப்பெயர், அந்தக் குடும்பம் எங்கே வாழ்ந்தது என்பதைவிட எங்கேயிருந்து வெளியேறியது என்பதையே சொல்கிறது. ஊர் எல்லைக்குள்ளேயே ஒருவரைப் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தால் இன்னும் சின்ன அடையாளம் போதும். காட்டோரம் வீடு என்றால் துபுவா, பாலத்தடி என்றால் துப்போன், ஊற்றருகே என்றால் ஃபோன்தேன். ‘து’, ‘தெ’ என்ற முன்னொட்டைப் பார்த்ததும் பிரபுக் குடும்பம் என்று நினைப்பது தவறு. பெரும்பாலும் அது உழவனின் வீட்டு விலாசம்.

12-ஆம், 13-ஆம் நூற்றாண்டுகளில் ஒட்டிக்கொண்ட இந்த அடையாளங்கள் மெல்ல மெல்ல மகனுக்கும் இறங்கின. 1539-இல் மன்னர் முதலாம் ஃப்ரான்சுவா பிறப்பித்த வில்லேர்-கொத்தரே ஆணை, தேவாலயங்கள் ஞானஸ்நானப் பதிவேடு வைக்க வேண்டும் என்றது. ஏட்டில் ஏறியதும் பெயர் உறைந்துபோனது. பின்னர் புரட்சி அரசு 1794-இல் போட்ட சட்டம், பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறெதையும் யாரும் சூட்டிக்கொள்ளக் கூடாது என்று பூட்டுப் போட்டது.

பிரான்சில் ட்ராம்ப்ளே என்ற ஊர் ஒன்றே ஒன்று இல்லை. பாரிஸ் அருகே ஒன்று, பிரித்தானி பகுதியில் ஒன்று, ஷார்த்ர் பக்கம் ஒன்று, மேன்-எ-லுவாரில் ஒன்று. ஆஸ்பென் தோப்பு எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் பெயர் தனித்தனியாக முளைத்தது. ஒவ்வொன்றிலிருந்தும் யாரோ சிலர் கிளம்பியிருப்பார்கள். எனவே பிரான்சில் இரண்டு ட்ராம்ப்ளேக்கள் சந்தித்துக்கொண்டால் அவர்கள் உறவினர்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. கியூபெக்கில் அதே இருவர் சந்தித்தால் ஏறக்குறைய நிச்சயமாகப் பங்காளிகள். பெயர் ஒன்றுதான், பிரான்சில் பல வேர், கியூபெக்கில் ஒற்றை வேர்.

அந்த ஒற்றை வேரின் பெயர் பியேர் ட்ராம்ப்ளே. நார்மண்டியை ஒட்டிய பேர்ஷ் பகுதியில் ராந்தொனே என்ற ஊரில் 1626-இல் ஞானஸ்நானம் பெற்றவர். 1647-இல் ஒப்பந்தத் தொழிலாளியாகக் கப்பலேறி, கனடாவில் இருந்த பிரெஞ்சுக் குடியேற்றமான புதிய பிரான்சுக்கு வந்தார். பத்தாண்டு கழித்து, 1657 அக்டோபர் 2 அன்று, லா ரோஷெல் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓசான் அஷோன் என்ற பெண்ணைக் கியூபெக் நகரில் மணந்தார். பன்னிரண்டு பிள்ளைகள். அவர்களில் பியேர், மிஷெல், லூயி, ழாக் என்ற நான்கு மகன்களின் வழியாகத்தான் பெயர் தொடர்ந்தது.

அதே காலத்தில் வந்த எத்தனையோ பேரின் குடும்பப்பெயர் ஒன்றிரண்டு தலைமுறையில் அற்றுப்போயிருக்க, இது மட்டும் எப்படிப் பிழைத்தது? இதே கேள்வியை இங்கிலாந்தில் ஃப்ரான்சிஸ் கால்ட்டன் 1873-இல் ஒரு கணிதப் புதிராகவே கேட்டார். ஹென்றி வாட்சன் என்ற கணிதம் தெரிந்த பாதிரியார் பதில் அனுப்பினார்; 1874-இல் இருவரும் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1845-இல், பிரெஞ்சுக்காரரான பியேநேமே சரியான விடையைக் கண்டிருந்தார். அவரைப் பலரும் கவனிக்கவில்லை, அது அநியாயம்தான்.

கணக்கைச் சின்னதாகப் போட்டுப் பார்ப்போம். எளிமைக்காக, ஒருவருக்குத் திருமண வயதை எட்டும் மகன்கள் 0, 1, 2, 3 என்ற நான்கில் எத்தனை வேண்டுமானாலும் சம வாய்ப்பில் இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். சராசரி ஒன்றரை மகன். சராசரியாக ஆண் வாரிசு பெருகிக்கொண்டேதான் போகிறது. இருந்தும் முதல் தலைமுறையிலேயே பெயர் அறுபட 25 சதவீத வாய்ப்பு. இரண்டாம் தலைமுறைக்குள் அது சுமார் 33 ஆகிறது, மூன்றாவதில் 37. அதன்பின் மெதுவாக ஏறி 41-ஐ ஒட்டி நின்றுவிடுகிறது. வளர்கிற ஊரிலும் ஐந்தில் இரண்டு பெயர் சாகும், அதுவும் பெரும்பாலும் தொடக்கத்திலேயே. சராசரி சரியாக ஒரு மகன் என்றால் நிலைமை இன்னும் கடுமை: போதிய காலம் விட்டால் ஒவ்வொரு பெயரும் மறைந்தே தீரும்.

இப்போது பியேரைப் பாருங்கள். இதே கணக்கில், நான்கு மகன்களின் வழியும் அறுந்தால்தான் பெயர் சாகும். 0.41-ஐ நான்கு முறை பெருக்கினால் 0.03 அளவில் வருகிறது. 41 சதவீத ஆபத்து 3 சதவீதமாகச் சுருங்கிவிட்டது! முதல் தலைமுறையிலேயே பல மகன்களின் வழியாகக் கிளைத்துவிட்ட பெயருக்கு அதன்பின் பெரிய பயம் இல்லை. நிறுவனர்களின் சிறு கூட்டத்தில் நேரும் தற்செயலே பிந்தைய மக்கள்தொகையின் முகத்தைத் தீர்மானிப்பதை உயிரியலில் ‘நிறுவனர் விளைவு’ என்கிறார்கள். பிரெஞ்சுக் கனடாவில் 1760-க்கு முன் நிலையாகக் குடியேறியவர்கள் சில ஆயிரம் பேர்தான். பிரிட்டிஷ் ஆட்சி வந்ததும் பிரான்சிலிருந்து குடியேற்றம் கிட்டத்தட்ட நின்றது. கதவு சாத்தியபின் உள்ளே இருந்தவர்கள் பெருகினார்கள்.

பெருக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ட்ராம்ப்ளேக்கள் எப்போதும் புதுநிலம் உடைக்கும் எல்லையில் இருந்தார்கள். கியூபெக் நகருக்குக் கிழக்கே போப்ரே கரை, அங்கிருந்து ஷார்லெவுவா மலைப்பகுதி, அப்புறம் 1838-இல் சாகெனே. எல்லையில் நிலம் தாராளம். பெண்கள் சீக்கிரம் மணந்து அதிகம் பெற்றார்கள். இந்தப் பகுதியின் திருச்சபைப் பதிவேடுகளைக் கோத்து உருவாக்கிய பால்சாக் என்ற தரவுத்தளத்தை வைத்து 2011-இல் வந்த ஆய்வு, எல்லை முனையில் வாழ்ந்தவர்களே இன்றைய மக்களின் மரபணுவுக்கு அதிகப் பங்கு கொடுத்திருக்கிறார்கள் என்று காட்டியது.

1838-இல் சாகெனேக்குக் குடியேற்றம் நடத்திய ‘இருபத்தொருவர் சங்க’த்தின் முன்னணியில் இருந்தவர் பெயர் அலெக்ஸி ட்ராம்ப்ளே, பிக்கொத்தே என்கிற பட்டப்பெயரோடு. பிக்கொத்தே என்றால் அம்மைத்தழும்பு உள்ளவர். இந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டதை என்னால் வெறும் துணுக்குச் செய்தியாகப் பார்க்க முடியவில்லை. பிரித்துக் காட்டப் பிறந்த குடும்பப்பெயர் எங்கும் நிறைந்துபோய் எவரையும் பிரித்துக் காட்டாமல் போனதும், அதன்மேல் இன்னொரு அடையாளம் தானாக முளைக்கிறது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் பிரான்சின் கிராமங்களில் நடந்தது திரும்ப நடந்திருக்கிறது.

மரபணு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. தந்தைவழிப் பெயரோடு சேர்ந்து இறங்குவது ஒய் குரோமோசோம் மட்டும்தான். மற்ற மரபணுக்கள் தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகின்றன. பத்துத் தலைமுறை தள்ளி உள்ள ஒருவருக்குப் பியேரிடமிருந்து அந்த ஒரு வழியில் வருவது சராசரியாக ஆயிரத்தில் ஒரு பங்குதான். சாகெனே–லாக்-சேன்-ழான் பகுதியில் சில மரபு நோய்கள் அதிகம். மற்ற இடங்களில் ஒரு லட்சம் பிறப்பில் ஒன்று என்றிருக்கும் டைரோசினீமியா, அங்கே இரண்டாயிரத்துக்குள் ஒன்று. ஏறத்தாழ இருபது பேரில் ஒருவர் அந்த மரபணுவைச் சுமக்கிறார். தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய் வரும். அது குடும்பப்பெயரைப் பார்த்து வருவதில்லை. மகள்கள் வழியாக எத்தனையோ வேறு பெயர்களுக்குள் அந்த மரபணு போயிருக்கிறது. அதனால்தான் அங்கே சுமப்பாளர் பரிசோதனையில் கேட்பது முன்னோர் எந்தப் பகுதியினர் என்பதை, பெயரை அல்ல.

பெயரும் இரத்தமும் வேறுவேறு பாதையில் ஓடுகின்றன என்பதற்குச் சாட்சி ஸஷரி க்ளூத்தியே. அவரும் பேர்ஷ்காரர். கியூபெக்கின் வம்சாவளிப் பதிவுகளில் 1800-ஆம் ஆண்டளவில் திருமணமான வாரிசுகள் மிக அதிகம் இருந்தது அவருக்குத்தான், 10,850 பேர். ஆனாலும் முதலிடத்துக்குப் போன பெயர் க்ளூத்தியே இல்லை. மகள்கள் வழியே பெருகிய குலத்தைக் குடும்பப்பெயர் கணக்கில் எடுப்பதில்லை.

சரி, இரத்தத் தொடர்பு எதுவுமே இல்லாமல் ஊர்ப்பெயர் ஆள்பெயராவதும் உண்டு. தென்மேற்கு பிரான்சில் 1658-இல் பிறந்த அந்துவான் லோமே சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை. அமெரிக்கக் கரைக்கு வந்ததும் தன்னை ‘தெ லா மோத், கேடிலாக் பிரபு’ என்று எழுதிக்கொண்டார். கேடிலாக் என்பது அவர் பிறந்த பக்கத்து இடப்பெயர். அவருக்கு அங்கே பிரபுத்துவம் எதுவும் இல்லை. 1701 ஜூலை 24 அன்று அவர் நிறுவிய கோட்டைதான் டெட்ராய்ட் நகரமானது. அதே நகரில் 1902-இல் தொடங்கிய கார் நிறுவனம் அவர் பெயரையும், அவர் தனக்குத்தானே வகுத்துக்கொண்ட குலச்சின்னத்தையும் எடுத்துக்கொண்டது. மிச்சிகனில் ஓர் ஊர், மேன் மாநிலத்தில் ஒரு மலை, உலகமெங்கும் ஒரு கார். பெயர் இத்தனை இடங்களுக்குப் போனதற்கு வாரிசு தேவைப்படவே இல்லை.

புதுச்சேரியிலும் இப்படி ஒரு வழி திறந்தது. 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி, இந்திய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வர விரும்பியவர்கள் ஒரு குடும்பப்பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டும். ரெனோன்சான்கள் எனப்பட்ட இவர்களின் முன்னணியில் நின்ற பொன்னுத்தம்பி பிள்ளை, லாபோர்த் என்ற பெயரை எடுத்தார். பிரான்சில் லாபோர்த் என்பது நகரவாயில் அருகே குடியிருந்தவர்களின் பெயர். புதுச்சேரிக் குடும்பங்களுக்கு அந்த நகரவாயிலோடு தொடர்பு கிடையாது. அந்தப் பெயர்களின் வேரைத் தேடுகிறவர்கள் பிரான்சின் கிராம வரைபடத்தை விரித்துப் பலனில்லை; 1881-க்குப் பிந்தைய துறப்பு அறிவிப்புகளில்தான் பழைய தமிழ்ப்பெயரும் புதிய பிரெஞ்சுப் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.